விவாத இழை: நொடித்த மால்களில் சிறு வாடகை வீடுகள் – எங்கே நடக்கும், எங்கே நடக்காது?

செங்கற்சூளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு மால் மூடப்பட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம், காலியாகக் கிடக்கும் அந்த இடத்தைச் சிறு வீடுகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டால் என்ன என்ற யோசனையும் கூடவே வந்துவிடுகிறது. வாடகை ஏறிக்கொண்டே போகும் காலத்தில் இது நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது பெரும்பாலும் ஒரே கட்டடத்தை. கட்டடக்கலைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தக் கட்டடம் மற்ற மால்களுக்கு எவ்வளவு தூரம் முன்மாதிரியாகும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதனால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ரோட் ஐலண்ட் மாநிலத் தலைநகரான பிராவிடன்ஸில் உள்ள ஆர்கேட் என்ற வணிகக்கூடம் 1828-இல் கட்டப்பட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் தெருவில் நுழைந்து வெய்போசெட் தெருவில் வெளியேறும்படி, இரண்டு தெருக்களுக்கும் நடுவே நீளவாக்கில் அமைந்த மூன்று தளக் கட்டடம் அது. இரு முனைகளிலும் பெரிய கருங்கல் தூண்கள் நிற்கின்றன. நடுவில் நெடுகிலும் கண்ணாடிக் கூரை. ரஸ்ஸல் வாரன், ஜேம்ஸ் பக்லின் என்ற இருவரும் ஆளுக்கொரு முகப்பை வரைந்ததால், ஒரு தெருவிலிருந்து பார்த்தால் முக்கோண முகடும் மறு தெருவிலிருந்து பார்த்தால் படிப்படியாக ஏறும் மதிலும் தெரியும். தொழிலில் பங்காளிச் சண்டை அன்றே இருந்திருக்கும் போலிருக்கிறது.

கட்டிய காலத்திலிருந்தே அதற்கு ஒரு நோய் இருந்தது. தரைத்தளக் கடைகளுக்கு ஆட்கள் வந்தார்கள். படியேறி மேல் தளங்களுக்குப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை. முதல் போட்டவரான சைரஸ் பட்லரின் பெயரைச் சேர்த்து, 'பட்லரின் கிறுக்குத்தனம்' என்று ஊரார் கேலி பேசினார்கள். இடிக்கும் பேச்சும், பிழைத்தலும், புதுப்பித்தலும் மாறி மாறி நடந்து, கடைசியில் 2008-இல் கட்டடம் மூடப்பட்டது. உரிமையாளரான இவான் கிரானாஃப் ஏறத்தாழ 70 லட்சம் டாலர் செலவில் மேலிரு தளங்களை 48 வீடுகளாக மாற்றி, தரைத்தளத்தைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் ஒதுக்கி, 2013-இல் மீண்டும் திறந்தார். மிகச் சிறிய வீடு 225 சதுர அடி. தொடக்க வாடகை மாதத்துக்கு 550 டாலர். குடிவர விரும்பியவர்கள் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த வெற்றி எதனால் வந்தது, இதை நெடுஞ்சாலை ஓரத்து மால் ஒன்றில் திரும்பச் செய்ய முடியுமா என்பதுதான் என் கேள்வி. முடியாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுத்தால் மகிழ்வேன்.

கணக்கன் எழுதியது:

செங்கற்சூளை ஐயா தூண்களிலிருந்து தொடங்குகிறார். நான் வாடகைச் சீட்டிலிருந்து தொடங்குகிறேன். நியூ ஜெர்சியில் வணிகக் கட்டடங்களுக்குக் கடன் தரும் துறையில் இருக்கிறேன்.

550 டாலரை 225 சதுர அடியால் வகுத்தால், சதுர அடிக்கு மாதம் சுமார் 2.44 டாலர் ஆகிறது. இதே விகிதத்தில் 800 சதுர அடி வீட்டுக்கு வாடகை சொன்னால் 1,950 டாலரைத் தாண்டும்; 2013-இல் அந்த ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே சிறு வீடு என்பது குடியிருப்பவருக்கு மொத்தத் தொகையில் மலிவாகத் தெரிகிறது; உரிமையாளருக்கோ அடிக்கணக்கில் பெரிய வீட்டைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது. இரு தரப்பும் திருப்தியோடு கைகுலுக்குவதன் ரகசியம் இதுதான். இதை ஏழைகளுக்கான வீட்டுத் திட்டமென்று சிலர் எழுதும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

செலவையும் பார்க்க வேண்டும். 70 லட்சத்தை 48 வீடுகளுக்கும் பிரித்தால் வீட்டுக்கு 1,46,000 டாலர் அளவில் வருகிறது. தரைத்தளக் கடைகளின் பங்கைக் கழித்தால் இன்னும் குறையும். பழமையான கட்டடங்களைச் செப்பனிடுபவர்களுக்கு நடுவண் அரசு தரும் 20 சதவீத வரிச்சலுகை, வருமானம் தரும் கட்டடங்களுக்கு மட்டுமே உரியது. ஐந்தாண்டுக்குள் விற்றால் சலுகையின் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். பழைய கட்டடங்களில் வீடுகள் முதலில் விற்பனைக்கு வராமல் வாடகைக்கே வருவதற்கு இந்த விதியும் ஒரு காரணம். 1985-இல் கட்டிய ஒரு மாலுக்கு இந்தச் சலுகையைக் கேட்டு யாரும் மனுப்போட முடியாது.

கீழவீதி நிர்மலா எழுதியது:

பிராவிடன்ஸில் முதுகலை படித்த காலத்தில் ஆர்கேட்டின் இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருந்தவள் நான். விவாதம் காகிதக் கணக்கிலேயே போய்விடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

அந்த வீட்டில் அடுப்பு கிடையாது. மைக்ரோவேவ், மேடைக்குக் கீழே அடங்கும் சிறிய குளிர்சாதனப் பெட்டி, பாத்திரம் கழுவும் இயந்திரம், அவ்வளவுதான். அடுப்பு வைத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் புகைபோக்கி வேண்டும், அதற்கு அந்தக் கட்டடத்தில் வழியில்லை என்று எனக்கு விளக்கினார்கள். தாளிப்பு என்பதே இல்லாமல் ஒருத்தி எப்படிச் சமைப்பாள் என்று அம்மா ஊரிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். மைக்ரோவேவில் வைத்த சோறு, கடையில் வாங்கிய தயிர், ஊறுகாய் என்று ஓடியது. தாளித்த குழம்பு தின்னத் தோன்றினால் தோழி வீட்டுக்குப் போவேன்.

கட்டில், மேசை, அலமாரி எல்லாம் சுவரோடு சேர்த்துச் செய்யப்பட்டிருந்தன. துணி துவைப்பதற்குப் பொது அறை. மிதிவண்டிக்கும் பெட்டிகளுக்கும் தனி இடம். படிப்பவர்களுக்கும் மருத்துவமனைப் பயிற்சியாளர்களுக்கும் அது போதும். குழந்தையோடு ஒரு குடும்பம் அங்கே இருப்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

ஜன்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வீட்டின் முன் ஜன்னல், பழைய கடையின் காட்சிச் சாளரம். அது இரும்புக் கிராதி போட்ட நடைபாதையைப் பார்த்துத் திறக்கும், அதற்கப்பால் நடுக்கூடம், மேலே கண்ணாடிக் கூரை. பனிக்காலத்தில்கூட நண்பகலில் விளக்குப் போடாமல் படிக்க முடிந்தது. ஆனால் திரையைத் திறந்தால் எதிர்வரிசைக்காரர் நான் படுத்திருப்பதைப் பார்க்கலாம். மூடினால் பட்டப்பகலிலும் அறை மங்கிவிடும். ஆளுக்கு ஆள் ஒரு தீர்வு கண்டிருந்தார்கள்: பாதி உயரத்துக்குத் திரை போட்டவர்கள் உண்டு, கண்ணாடியில் மங்கல் தாள் ஒட்டியவர்களும் உண்டு. நான் புத்தக அடுக்கு ஒன்றை ஜன்னல் ஓரமாக நிறுத்தியிருந்தேன்.

ஈஸ்ட்ஹாம் வாசி எழுதியது:

சகோதரி நிர்மலா சொன்ன ஜன்னல்தான் இங்கிலாந்தில் பெரிய சர்ச்சையாகிவிட்ட விஷயம். இங்கே 2013 முதல், அலுவலகக் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி பெறாமலேயே வீடுகளாக மாற்ற அரசு வழிவிட்டது. வந்த விளைவு என்னவென்றால், அளவு பற்றியும் வெளிச்சம் பற்றியும் உள்ளாட்சி மன்றம் ஒரு வார்த்தை பேச முடியாத நிலை. வாட்ஃபோர்டில் ஒரு தொழிற்கூடத்தை 15 சிறு வீடுகளாக மாற்றும் விண்ணப்பத்தை நகர மன்றம் நிராகரித்தும், 2019-இல் மேல்முறையீட்டில் அதற்கு அனுமதி கிடைத்தது. அவற்றில் சிலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. பத்திரிகைகள் கிழித்த கிழியில் அரசு இறங்கி வந்தது. 2020-இலிருந்து வசிக்கும் அறைகள் எல்லாவற்றுக்கும் போதிய இயற்கை வெளிச்சம் வேண்டும் என்றும், 2021-இலிருந்து ஒருவர் தங்கும் வீடுகூட 37 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் விதி வந்தது. அதன் பிறகே, 2021 ஆகஸ்டில், கடைகளையும் வீடாக்கலாம் என்று கதவை அகலமாகத் திறந்தார்கள்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். 225 சதுர அடி என்பது 21 சதுர மீட்டருக்கும் குறைவு. அமெரிக்காவே மெச்சிய ஆர்கேட் வீடு, இன்றைய இங்கிலாந்தில் இந்த வழியில் அனுமதி பெறவே முடியாது. இது இங்கிலாந்தின் கெட்டிக்காரத்தனமா, வீட்டுப் பஞ்சம் உள்ள நாட்டின் வறட்டுப் பிடிவாதமா என்று எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி இருக்கிறது. என் மகன் இப்போது ஒரு பழைய வீட்டின் பின்னறையில் தங்கியிருக்கிறான். அதை அளந்தால் 21 சதுர மீட்டரில் பாதி தேறுமா என்பது சந்தேகம். பகிர்ந்து குடியிருக்கும் வீட்டுக்கு வேறு விதி என்பதால் அது சட்டப்படி சரி.

கணக்கன் எழுதியது:

ஈஸ்ட்ஹாம் நண்பருக்கு: சிறிய வீட்டைத் தடை செய்தால் அதில் குடிவந்திருக்கக் கூடியவர் பெரிய வீட்டுக்குப் போய்விட மாட்டார், உங்கள் மகனைப் போலப் பின்னறைக்குத்தான் போவார். நான் இரண்டாவது கட்சி.

செங்கற்சூளை எழுதியது:

நிர்மலா அவர்களின் பதிவு நான் பத்துப் பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. ஆர்கேட் உண்மையில் கூரை போட்ட ஒரு தெரு. நடுவே வெளிச்சம், இருபுறமும் ஆழம் குறைந்த கடைகள், ஒவ்வொரு கடைக்கும் தனி வாசல். கடையின் எல்லையே வீட்டின் எல்லையாயிற்று. கட்டடத்தை யாரும் வெட்டிப் பிளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி நெடுஞ்சாலை ஓரத்து மாலுக்கு வருவோம். அதன் இரு முனைகளிலும் பெரிய துணிக்கடை இருக்கும். சியர்ஸ், ஜேசி பென்னி, மேசிஸ் போன்றவை. முதலில் காலியாவதும் அவைதான். சியர்ஸ் 2018-இலும் ஜேசி பென்னி 2020-இலும் திவால் மனுப்போட்டன. மேசிஸ் 150 கடைகளை மூடப்போவதாக 2024-இல் அறிவித்தது. அப்படிப்பட்ட கடையொன்றின் ஒரு தளம் 300 அடிக்கு 300 அடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 90,000 சதுர அடி. வெளிச்சுவரில் ஜன்னல் உடைத்தாலும், பகல் வெளிச்சம் ஓர் அறைக்குள் 30 அடிக்கு மேல் உருப்படியாக எட்டாது. நான்கு பக்கமும் 30 அடியைக் கழித்தால் நடுவில் 240-க்கு 240, அதாவது 57,600 சதுர அடி இருட்டாக எஞ்சும். நூற்றுக்கு 64 பங்கு இடத்தில் யாரும் படுத்துறங்க முடியாது. அதைச் சேமிப்புக் கிடங்காகவோ உடற்பயிற்சிக் கூடமாகவோ ஆக்கலாம் என்பார்கள். இருக்கும் சில வீடுகளுக்கு எத்தனை உடற்பயிற்சிக் கூடம்தான் வேண்டும்?

நடுவில் முற்றம் வெட்டி வெளிச்சத்தை இறக்கலாம் என்பது அடுத்த வாதம். செய்யலாம். ஆனால் உத்தரத்தை அறுத்தால் மிச்சமிருக்கும் கூரையைத் தாங்கப் புதுத் தூண் வேண்டும், மழைநீர் போக வழி வேண்டும், வெட்டியெடுத்த இடத்துக்கு வாடகை கிடையாது. இதற்கு மேல் குழாய் வேலை. ஒரு துணிக்கடைக்குக் கழிப்பறை ஒரு மூலையில் இருக்கும். 60 வீடு என்றால் 60 கழிப்பறை, 60 குளியலறை, 60 தொட்டி. தரைத்தளத்தில் காங்கிரீட்டை வெட்டிக் கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் கொடுத்துப் புதைக்க வேண்டும். வாட்டம் சரியாக அமையாத நீண்ட குழாய் அடைக்கும் என்பது இந்தத் தொழிலில் மேஸ்திரி முதல் எல்லோருக்கும் தெரியும். குளிரூட்டலும் அப்படித்தான்: மொத்த மாலுக்கும் கூரைமேல் சில ராட்சத இயந்திரங்கள் இருக்கும்; அவரவர் அறைக்கு அவரவர் விருப்பத்துக்குக் குளிர் வேண்டும் என்றால் அத்தனையையும் கழற்றி எறிய வேண்டும்.

கூரையின் உயரம் மட்டும் சாதகம். 15, 18 அடி உயரத்தில் பரண் படுக்கை அமைக்கலாம். இந்த ஒன்றுக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

குரோம்பேட்டையார் எழுதியது:

நல்ல விவாதம். சென்னையில் இருந்துகொண்டு இதைப் படிப்பவனுக்கு முதலில் நினைவுக்கு வருவது திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். அடுப்பில்லாத ஒற்றை அறை, கீழே மெஸ், பக்கத்திலேயே பேருந்து நிலையம், வேலை தேடி வந்த இளைஞன். பிராவிடன்ஸில் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படுவதை நம் ஊரில் பல தலைமுறைகளாக நடத்திக்கொண்டிருக்கிறோம். ஒரே அறையில் இரண்டு மூன்று பேர், நடைபாதைக் கோடியில் பொதுக் கழிப்பறை, பெண்களுக்கு இடமில்லை என்பவை வேறுபாடுகள். மேன்ஷனில் சமையலறை இல்லாததை மெஸ் ஈடுகட்டியது போல, ஆர்கேட்டின் தரைத்தள உணவகங்கள் ஈடுகட்டுகின்றன என்று புரிந்துகொள்கிறேன். நிர்மலா அம்மா சொன்னால் தெரியும்.

இரண்டாவது, நம் ஊர் மால்கள். சொத்துச் சந்தை ஆலோசனை நிறுவனமான நைட் ஃபிராங்க் 2023 நிலவரத்தைக் கணக்கிட்டு, இந்தியாவின் எட்டுப் பெருநகரங்களில் 64 மால்களில் ஒவ்வொன்றிலும் 40 சதவீதத்துக்கு மேல் இடம் காலியாகக் கிடப்பதாகச் சொன்னது. அதில் சென்னையின் பங்கு சிறியது. ஆனால் அண்ணா சாலையில் ஸ்பென்சர் பிளாசாவுக்குள் இன்று நடந்து பார்த்தவர்களுக்கு எந்தக் கணக்கெடுப்பும் தேவைப்படாது. 1983-இல் பழைய ஸ்பென்சர் கட்டடம் எரிந்துபோனபின் அதே மனையில் எழுந்து, தொண்ணூறுகளில் ஊரே திரண்டு போன இடம் அது. இன்று இறக்கிய ஷட்டர்களின் வரிசைதான் கண்ணில் படுகிறது.

அதை வீடாக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். அங்குள்ள கடைகளைத் தனித்தனியாகப் பலருக்கு விற்றுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் பத்திரமும், யூடிஎஸ் எனப்படும் மனையின் பிரிக்கப்படாத பங்கும் இருக்கிறது. சிலர் வெளிநாட்டில், சிலரின் வாரிசுகள் வழக்கு மன்றத்தில். எத்தனை பேரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்குவது? அமெரிக்காவில் ஒரு மாலுக்கு ஒரே உரிமையாளர் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இராது என்றே நினைக்கிறேன். கணக்கன் சார் விளக்க வேண்டும்.

கீழவீதி நிர்மலா எழுதியது:

குரோம்பேட்டை ஐயா, பாதி உண்மை. கீழே காப்பிக் கடையும் சாப்பாட்டுக் கடைகளும் இருந்தன. ஆனால் மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்து அளவாகச் சாப்பிடுவது போல அங்கே முடியாது. நாள்தோறும் வெளியில் சாப்பிட்டால் வாடகையில் மிச்சம் பிடித்தது சாப்பாட்டில் போய்விடும். மேன்ஷனில் பெண்களுக்கு இடமில்லை என்று நீங்கள் போகிறபோக்கில் சொன்னதை நான் போகிறபோக்கில் விட மாட்டேன். தனியாகத் தங்கும் பெண்ணுக்கு, 225 சதுர அடியானாலும் தன் பெயரில் ஒப்பந்தம், தன் கையில் சாவி, உள்ளேயே குளியலறை என்பது பெரிய விஷயம். வீட்டின் அளவைப் பற்றி மட்டுமே பேசும்போது இது விடுபட்டுப் போகிறது.

கணக்கன் எழுதியது:

குரோம்பேட்டையாரே, அமெரிக்க மாலுக்கும் ஒரே உரிமையாளர் கிடையாது. பல மால்களில் முனையிலுள்ள பெரிய கடைகள் தத்தம் கட்டடத்தையும் அதன் கீழ் உள்ள மனையையும் தாமே வைத்திருக்கும். நடுவிலுள்ள நடைகூடமும் சிறு கடைகளும் மட்டுமே மால் நிறுவனத்துடையவை. இவர்கள் எல்லோரையும் பிணைத்து மால் கட்டும்போதே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டிருக்கும். வண்டி நிறுத்த எத்தனை இடம், எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது, எந்தக் கடையின் முகப்பை எது மறைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். பல உடன்படிக்கைகளில் குடியிருப்பு கூடாது என்றே ஒரு வரி உண்டு. உயிரோடிருக்கும் ஒரே ஒரு பெரிய கடை தலையாட்ட மறுத்தால் எல்லாம் நின்றுவிடும். சிறு கடைக்காரர்களின் குத்தகையிலும் கண்ணி இருக்கிறது: பெரிய கடை போய்விட்டால் வாடகையைக் குறைத்துக்கொள்ளவோ வெளியேறவோ அவர்களுக்கு உரிமை உண்டு. இதற்கு மேல், கடனைப் பல முதலீட்டாளர்களுக்குப் பத்திரங்களாகப் பிரித்து விற்றிருப்பார்கள். கட்டடத்தின் பயனை மாற்ற அவர்கள் சார்பில் ஒருவரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆக, உங்கள் ஊரில் பல நூறு சிறு கையெழுத்து என்றால், இங்கே பத்துப் பெரிய கையெழுத்து. எது கடினம் என்று சொல்லத் தெரியவில்லை.

இதனால்தான் இங்கே உண்மையில் நடப்பது மாற்றம் அல்ல, இடிப்பு. வாஷிங்டன் மாநிலத்தில் லின்வுட் நகரத்து ஆல்டர்வுட் மாலைக் காட்டும் ஒரு படம், 'மாலுக்குள் வீடுகள்' என்ற தலைப்போடு சமூக வலைதளங்களில் சுற்றுகிறது. அங்கே பழைய சியர்ஸ் கடையை இடித்துவிட்டு, அந்த மனையில் 328 வீடுகளைப் புதிதாகக் கட்டினார்கள். குடிவந்தவர்கள் மாலுக்கு நடந்து போகலாம், அவ்வளவுதான். கொலராடோவின் லேக்வுட்டில் 1966-இல் திறந்த வில்லா இத்தாலியா மாலை இடித்துவிட்டுத் தெருக்கள், கடைகள், வீடுகள் என்று பெல்மார் என்ற புதிய பகுதியை எழுப்பினார்கள். வணிக மனைகளில் வீடு கட்ட வழிவிடும் சட்டத்தைக் கலிபோர்னியா 2022-இல் இயற்றி, 2023 ஜூலையிலிருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்ததும் மனையைக் கருதித்தான். மாலில் விலைபோவது நிலமும், சாலையும், ஏற்கெனவே போட்டிருக்கும் பெரிய மின்கம்பியும் கழிவுநீர்க் குழாயும். கட்டடம் வெறும் இடைஞ்சல்.

தேன்மொழி ரா. எழுதியது:

கணக்கன் அவர்களே, கட்டடத்தை இவ்வளவு சீக்கிரம் கைகழுவ வேண்டாம். வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் லேண்ட்மார்க் மால் 2017-இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அதிலிருந்த மேசிஸ் கடை, வீடற்றவர்களுக்கான தற்காலிக விடுதியாயிற்று. விடுதியின் சொந்தக் கட்டடத்தைப் புதுப்பித்துக் கட்டும்வரை மக்கள் அங்கே தங்கினார்கள். பிறகு மால் இடிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் இடிப்பதற்கு முன் எத்தனையோ மால்கள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன; அந்த இடைவெளியில் தலைசாய்க்க இடமாவது கொடுக்கலாம் அல்லவா?

பிராவிடன்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டு அதே ஊரின் இன்னொரு கதையை யாரும் சொல்லாதது வியப்பாக இருக்கிறது. ஆர்கேட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 1999-இல் திறந்த பிராவிடன்ஸ் பிளேஸ் என்ற பெரிய மால் இருக்கிறது. அதன் வண்டி நிறுத்தும் கட்டடத்தில் வரைபடத்தின் மிச்சமாக விடுபட்டுக் கிடந்த சுமார் 750 சதுர அடி வெற்றிடத்தை மைக்கேல் டவுன்சென்ட் என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் 2003-இல் கண்டுபிடித்தார்கள். சோபா, மேசை, தொலைக்காட்சி எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்து, சிமெண்டுக் கற்களைச் சுமந்துபோய்ச் சுவர் எழுப்பி, கதவு வைத்துப் பூட்டி, 2007-இல் பிடிபடும்வரை அவ்வப்போது அங்கே வாழ்ந்தார்கள். அவர்களுடைய கலைஞர் நண்பர்கள் குடியிருந்த பழைய ஆலைக் கட்டடம், கடைகள் கட்டுவதற்காகவே இடிக்கப்பட்டது என்பது இதன் பின்னணி. வீட்டை இடித்துக் கடை கட்டினீர்கள், நாங்கள் கடைக்குள் வீடு கட்டுகிறோம் என்ற எதிர்வினை. அந்த மாலே 2024-இல் கடன் தீர்க்க முடியாமல் நீதிமன்றம் நியமித்தவரின் நிர்வாகத்துக்குப் போயிற்று.

செங்கற்சூளை எழுதியது:

தேன்மொழி அவர்கள் சொன்ன கதையில் என் தொழிலுக்கான பாடம் ஒன்று இருக்கிறது. அந்த ரகசிய வீட்டில் மின்சாரம் இருந்தது. தண்ணீர் கடைசிவரை இல்லை. மாலின் பொதுக் கழிப்பறையைத்தான் நம்பியிருந்தார்கள். மின்கம்பியை எங்கும் இழுக்கலாம். குழாயை அப்படி இழுக்க முடியாது. விடுதி யோசனையும் அதே காரணத்தால்தான் சாத்தியமாகிறது: பொதுக் கழிப்பறை, பொதுச் சமையலறை என்றால் குழாயை ஓரிடத்தில் குவித்துவிடலாம். தனி வீடு என்று சொன்ன கணத்தில் செலவு பல மடங்காகிறது.

இடைக்காலப் பயன்பாட்டை நான் எதிர்க்கவில்லை. அதை வாடகை வீடு என்று பெயரிட்டு ஒப்பந்தம் போட்டு விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். முழுக்கக் கூரையிட்டுக் குளிரூட்டிய முதல் மாலான சவுத்டேல், மினசோட்டாவின் ஈடைனாவில் 1956-இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த விக்டர் குரூயன் வரைந்த முதல் திட்டத்தில் கடைகளைச் சுற்றிலும் வீடுகள், பள்ளிகள், பூங்கா எல்லாம் இருந்தன. கட்டியவர்கள் கடையை மட்டும் கட்டிவிட்டு, மற்ற இடத்தை வண்டி நிறுத்த விட்டுவிட்டார்கள். 2010-களில் அந்த வண்டி நிறுத்துமிடத்தின் ஒரு பகுதியில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. கட்டடத்தைத் தொடாமல் வண்டி நிறுத்தத்தைத் தொடு என்பதே மால் உரிமையாளர் எவர் கேட்டாலும் நான் சொல்லக்கூடிய ஆலோசனை.

ஈஸ்ட்ஹாம் வாசி எழுதியது:

யாரும் இன்னும் தீயைப் பற்றிப் பேசவில்லை. நடுக்கூடத்தைப் பார்த்து வீட்டு வாசல்கள் திறக்கும் கட்டடத்தில், தரைத்தளக் கடையில் நெருப்புப் பற்றினால் புகை நேராக மேலேறி எல்லா வீட்டு வாசலுக்கும் வரும். கடையில் இருப்பவர் விழித்திருப்பார், வந்த வழி தெரிந்திருப்பார். வீட்டில் இருப்பவர் இரவில் தூங்கிக்கொண்டிருப்பார். கூரையில் புகை வெளியேற்றும் விசிறியும், தண்ணீர் தெளிப்பானும், நடுக்கூடத்தைத் தொடாமல் இறங்கும் இன்னொரு மாடிப்படியும் இல்லாமல் இதற்கு அனுமதி கொடுக்கவே கூடாது. கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 2017-இல் தீப்பற்றி 72 பேர் இறந்த நகரத்தில் இருப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

குரோம்பேட்டையார் எழுதியது:

கேள்வியை என் பக்கத்துக்குத் திருப்பிக் கேட்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் புறநகரில் மூன்று தளக் கடை வளாகம் ஒன்று இருக்கிறது. மால் என்று பெயர்ப்பலகை உண்டே தவிர, நடுவே திறந்த முற்றமும் சுற்றிலும் வராந்தாவும் உள்ள பழைய பாணிக் கட்டடம். கடைகள் 12 அடி அகலம், 25 அடி ஆழம். மேல் தளங்களில் முக்கால்வாசி பூட்டிக் கிடக்கிறது. முழுவதும் அவர் ஒருவர் பெயரில் இருக்கிறது. பக்கத்தில் ஐடி நிறுவனங்கள் இருப்பதால் ஒற்றை ஆள் வீடுகளுக்குக் கிராக்கி உண்டு. இங்கே இது நடக்குமா?

செங்கற்சூளை எழுதியது:

ஐயா, நீங்கள் விவரித்தது பெயர்ப்பலகை மாற்றிய ஆர்கேட். ஒரே உரிமையாளர், 25 அடி ஆழம், நடுவே வானம். இந்த இழையில் இதுவரை நான் முடியாது என்று சொன்ன காரணங்களில் பெரும்பாலானவை இதற்குப் பொருந்தாது. 12-க்கு 25 என்றால் 300 சதுர அடி. ஒற்றை அறை வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்ற தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவை, குளியலறையும் சமையல் மேடையும் கழித்த பிறகும் தாராளமாகத் தாண்டும்.

இனி எச்சரிக்கை. ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த ஊர்களில் ஜன்னல், காற்றுவழித் திறப்புகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று அதே விதித்தொகுப்பு சொல்கிறது. ஷட்டரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு கதவும் ஒரு சின்ன ஜன்னலும் வைத்துச் சுவர் எழுப்பிவிடுவார் உங்கள் நண்பர், அதுதான் நடக்கும். வராந்தாப் பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வரும், வெளியே போகாது. பின்சுவர் அவருடைய சொந்த மனைக்குள் போதிய இடம் விட்டுக் கட்டப்பட்டதா, பக்கத்து மனையின் எல்லையில் ஒட்டி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒட்டி நின்றால் பின்பக்கம் ஜன்னல் வைக்க முடியாது. அப்போது இரண்டு கடைக்கு ஒன்று வீதம் நடுவில் காற்றுப் போக்கி விட வேண்டும், அதிலேயே கழிவுநீர்க் குழாயையும் இறக்கிவிடலாம். அடுப்பை எடுத்துவிட்டால் வேலை எளிது என்று ஆர்கேட்டைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். நம் ஊரில் குடிவருபவர் இரண்டாம் நாளே இண்டக்ஷன் அடுப்பை வாங்கி வந்துவிடுவார், ஆகவே புகை போக வழியை நீங்களே வைத்துவிடுவது நல்லது.

கணக்கன் எழுதியது:

அதோடு, வணிகக் கட்டணத்தில் உள்ள மின் இணைப்பை வீட்டுக் கட்டணத்துக்கு மாற்ற முடியுமா, வீட்டுக்கு ஒரு மீட்டர் கொடுப்பார்களா, சொத்து வரியை எந்த வகையில் போடுவார்கள் என்று விண்ணப்பம் கொடுக்கும் முன்பே விசாரிக்கச் சொல்லுங்கள். ஒரே மீட்டரில் வணிகக் கட்டணம் தொடர்ந்தால், அந்தச் சுமை வாடகையில் ஏறும். கீழ்த்தளக் கடைக்காரர்களின் குத்தகையையும் படிக்கச் சொல்லுங்கள். கழிவுநீர்க் குழாய் அவர்களுடைய கூரைக்கடியில்தான் ஓட வேண்டியிருக்கும், அதற்கு இடம் கொடுக்க அவர்கள் கடமைப்பட்டவர்களா என்பது அதில் இருக்கும்.

குரோம்பேட்டையார் எழுதியது:

நன்றி. பின்சுவரைப் போய்ப் பார்த்தேன். பக்கத்து மனைக்கும் அதற்கும் இடையே ஓர் ஆள் திரும்பி நிற்கும் அளவு சந்துதான் இருக்கிறது. அதிலும் பாதி பக்கத்துக்காரருடையது என்கிறார்கள். காற்றுப் போக்கி விட்டால் எத்தனை கடையை இழக்க வேண்டியிருக்கும் என்று தள வரைபடத்தில் குறித்து அனுப்புகிறேன்.

செங்கற்சூளை எழுதியது:

அனுப்புங்கள். வரைபடத்தில் தூண்களின் இடத்தையும், மாடிப்படி இரண்டு இருக்கிறதா ஒன்றா என்பதையும் குறிக்க மறக்க வேண்டாம். படி ஒன்றுதான் என்றால், காற்றுப் போக்கிக்கு முன்பாக ஈஸ்ட்ஹாம் நண்பர் கேட்டதற்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும்.